ஓவியர் மாற்கும் ஓவியம் காத்தோரும்



வெலிமடை வட்டாரத்துப் பாடசாலையொன்றின் அதிபர் என்ற முறையில் ஒரு பிழையை ஒப்புக்கொண்டு பேச்சைத் தொடங்குகிறேன். ஆண்டிறுதியில் மாணவர் வரைந்த சித்திரங்களைச் சுவரிலிருந்து கழற்றிப் பழைய தாள்களோடு எரிப்பதற்கு நானும் பலமுறை உடன்பட்டிருக்கிறேன். அதன் தீமையை எனக்கு உணர்த்தியது யாழ்ப்பாணத்து ஓவியர் அ. மாற்கு அவர்களின் வரலாறு.

1933 இல் குருநகரிற் பிறந்த மாற்கு, கொழும்பு அரசினர் நுண்கலைக் கல்லூரியிற் பயின்று, சித்திர ஆசிரியராகப் பணி புரிந்தவர். 1943 இல் கொழும்பில் தோன்றிய 'நாற்பத்துமூன்று குழு'வின் ஓவியங்கள் 1952 இல் இலண்டனிலும் 1953 இல் பாரிசிலும் காட்சிக்கு வைக்கப்பெற்றன. அக்குழுவுக்குத் தலைநகரின் செல்வாக்கு இருந்தது. லயனல் வெண்ட் போன்ற வசதி படைத்தோரின் துணையும் இருந்தது. மாற்குவுக்கோ மாணவர்களே துணை. அவரிடம் ஓவியம் கற்றவர்கள் முன்னின்று, 1987 இல் 'தேடலும் படைப்புலகமும்' என்னும் நூலை வெளியிட்டு ஆசிரியரைச் சிறப்பித்தனர்.

ஆயினும், 1995 இல் யாழ்ப்பாண மக்கள் பெருந்திரளாக இடம்பெயர்ந்தபோது அவருடைய ஓவியங்கள் பல அழிந்துபோயின. 2000 ஆம் ஆண்டில் அவர் மறைந்தார்.

இவ்விடத்தில் ஆபிரிக்க நாடாகிய நைஜீரியாவில் நிகழ்ந்த ஒன்றை ஒப்புநோக்குவோம். 1970 இல் முடிவுற்ற உள்நாட்டுப் போரின் பின்னர், பென் என்வொன்வு என்னும் ஓவியர் 'டூட்டு' என்ற பெயரில் இளவரசியொருத்தியின் உருவத்தைத் தீட்டினார். போரிற் பிளவுண்ட மக்களிடையே நல்லிணக்கத்தின் சின்னமாக அது போற்றப்பெற்றது. அதன் மூன்று வடிவங்களும் பல்லாண்டுகள் எங்கிருந்தன என்பதே தெரியவில்லை. அவற்றுள் 1974 இல் தீட்டப்பெற்றது இலண்டனில் ஒரு வீட்டில் கண்டெடுக்கப்பட்டு, 2018 இல் 12 இலட்சம் பவுணுக்கு மேல் ஏலத்தில் விலைபோனது. என்வொன்வு 1994 இலேயே மறைந்துவிட்டார். நெடுங்காலம் புறக்கணிக்கப்பட்டிருந்த ஆபிரிக்க நவீன ஓவியத்தின்பால் உலகின் கவனம் அந்நிகழ்ச்சியால் மேலும் திரும்பிற்று.

இரு வரலாறுகளும் உணர்த்துவது யாது? மதிப்பு காலந்தாழ்ந்து வரலாம். ஆனால் அது வரும்போது ஓவியம் இருத்தல் வேண்டும். இலண்டனில் ஒரு குடும்பம் தன் வீட்டில் வைத்திருந்தமையால் அப்படம் தப்பியது. 1995 இல் அழிந்த மாற்குவின் ஓவியங்களுக்கு இனி எந்தக் கலைக்கூடமும் மதிப்பளிக்க இயலாது. ஆகவே ஓவியனை முதலில் மதிப்பவர் விலை கொடுப்பவரல்லர். அவன் படைப்பைப் பேணிக் காப்பவரே.

நமது மலைநாட்டு மழையும் ஈரமும் காகிதத்திற்குப் பகை. லயத்து அறையில் ஒரு சிறுமி தீட்டிய தேயிலைமலைக் காட்சி ஓர் ஆண்டுகூட நிலைப்பதரிது. எனவே ஆசிரியப் பெருமக்களுக்கு ஒரு வேண்டுகோள்: நல்ல சித்திரங்களின் பின்புறத்தில் பெயரையும் ஆண்டையும் எழுதி, பாடசாலை அலுமாரியில் ஒரு தட்டினை அவற்றுக்கென ஒதுக்குங்கள். எங்கள் பாடசாலையில் அதனைத் தொடங்கிவிட்டோம்.