எழுத்தை எண்ணியவரும் காசை எண்ணியவர்களும்

ஆர், இ, டி, ஏ, ஐ, என், எஸ். இந்த ஏழு ஆங்கில எழுத்துகளையும் ஒன்றுகூட விடாமல் வைத்து எத்தனை சொல் அமைக்கலாம்? ரீடெயின்ஸ் சட்டென்று வந்துவிடும். கொஞ்சம் மண்டையைக் குடைந்தால் ரெட்டினாஸ், நாஸ்டியர். ஸ்கிராபிள் பைத்தியங்களைக் கேட்டால் ரெட்சினா (கிரேக்க நாட்டு ஒயினாம்!) என்று இன்னும் அடுக்குவார்கள். இப்போது எஸ்ஸை எடுத்துவிட்டு அந்த இடத்தில் கியூவைப் போடுங்கள். ஒரு சொல்லும் தேறாது.

ஒரு எழுத்து அள்ளிக் கொடுக்கிறது, இன்னொன்று கையை விரிக்கிறது. இந்த வித்தியாசத்தை உட்கார்ந்து எண்ணி, அதையே விளையாட்டாக மாற்றியவர் ஆல்ஃபிரட் மோஷர் பட்ஸ். நியூயார்க்கில் கட்டடக் கலைஞராக இருந்தவர். பொருளாதாரப் பெருமந்தம் நம் பாடப் புத்தகத்தில் ஒரு அத்தியாயம். இவருக்கு அது 1931-ல் வேலை போன கதை. கட்டடம் கட்ட ஆளில்லாத ஊரில் கட்டடக் கலைஞருக்கு என்ன வேலை?

சும்மா இருந்த மனுஷன் விளையாட்டுகளை ஆராய ஆரம்பித்தார். பகடை மாதிரி முழுக்க அதிர்ஷ்டமாகவும் இருக்கக் கூடாது, சதுரங்கம் மாதிரி முழுக்க மூளையாகவும் இருக்கக் கூடாது, இரண்டும் பாதிப்பாதி வேண்டும். அதற்கு எழுத்துகள்தான் சரி என்று முடிவு செய்தார். ஆனால் எந்த எழுத்து எத்தனை வேண்டும்? நியூயார்க் டைம்ஸ் போன்ற பத்திரிகைகளை எடுத்து வைத்துக்கொண்டு ஒவ்வொரு எழுத்தும் எத்தனை முறை வருகிறது என்று கையால் எண்ணினார். கம்ப்யூட்டர் இல்லாத காலம், பென்சிலும் பேப்பரும்தான்.

அந்தக் கணக்கின் பலன்தான் இன்றும் பெட்டியில் இருக்கும் 100 கட்டைகள். இ 12, ஏயும் ஐயும் தலா 9, கியூவும் இசட்டும் ஒன்றே ஒன்று. அதிகம் வரும் எழுத்துக்கு 1 பாயிண்ட், அபூர்வமானதற்கு 10. நம்ம டிமாண்ட் சப்ளை தியரியேதான்! ஒரு இடத்தில் மட்டும் பட்ஸ் கணக்கை வேண்டுமென்றே மீறினார். எஸ் எழுத்துக்கு நான்கு கட்டைகள்தான் கொடுத்தார். தாராளமாக விட்டால் எல்லாரும் இருக்கிற சொல்லோடு எஸ் சேர்த்துப் பன்மையாக்கியே ஜெயித்துவிடுவார்களே!

முதலில் வைத்த பெயர் லெக்ஸிகோ. அதில் பலகை கிடையாது. கையில் எடுத்த எழுத்துகளை வைத்து நீளமான சொல் அமைக்க வேண்டும். 1938-ல் பலகை வந்தது, பெயர் கிரிஸ் கிராஸ் வேர்ட்ஸ் ஆனது. கம்பெனிகள் வேண்டாம் என்றன. காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார், அதுவும் கிடைக்கவில்லை. கையாலேயே செய்து தெரிந்தவர்களுக்கு விற்றுக்கொண்டிருந்தார்.

அப்படி ஒரு பெட்டி வைத்திருந்தவர்தான் ஜேம்ஸ் புரூனோ. 1948-ல் பட்ஸிடம் பேசி, விற்கும் ஒவ்வொரு பெட்டிக்கும் ராயல்டி தருவதாகச் சொல்லி உரிமையை வாங்கினார். ஸ்கிராபிள் என்ற பெயர் அவர் வைத்தது. ஏழு எழுத்தையும் ஒரே ஆட்டத்தில் இறக்கினால் 50 பாயிண்ட் போனஸ் என்பதும் அவர் சேர்த்ததே. 1949-ல் 2,400 பெட்டிகள் விற்றன. லாபமா? 450 டாலர் நஷ்டம்! 1952-ல் மேசீஸ் என்ற பெரிய கடையின் தலைவர் ஜாக் ஸ்ட்ராஸ் விடுமுறையில் இதை விளையாடிப் பார்த்துவிட்டு, தன் கடையில் இல்லையே என்று ஆர்டர் கொடுத்தாராம். அப்புறம் விற்பனை லட்சக்கணக்கில் போனது.

பட்ஸுக்கு ஒரு பெட்டிக்கு ஏறத்தாழ மூன்று சென்ட். ஏமாற்றப்பட்டார் என்று சொல்ல முடியாது, பேசியபடி பணம் வந்துகொண்டுதான் இருந்தது. அவரும் கட்டடக் கலைக்கே திரும்பி, வசதியாக வாழ்ந்து 1993-ல் காலமானார். ஆனால் எண்ணும் வேலை முழுக்க அவருடையது. பெயர் வைத்தவர், விற்றவர் கைக்குத்தான் பெரிய தொகை போனது. 1972-ல் செல்ச்சோ அண்ட் ரைட்டர் நிறுவனம் முழு உரிமையையும் வாங்கியது. 1989-ல் அது ஹாஸ்ப்ரோவிடம் போய்ச் சேர்ந்தது. வட அமெரிக்காவுக்கு வெளியே உரிமை மேட்டெலிடம்.

இடையில் ஒரு விஷயம். இந்த ஆட்டத்துக்குச் சொல்லின் அர்த்தம் தெரிய வேண்டியதே இல்லை. நியூசிலாந்துக்காரர் நைஜல் ரிச்சர்ட்ஸ் பிரெஞ்சு பேசத் தெரியாமலே, சொற்பட்டியலை மட்டும் மனப்பாடம் செய்து 2015-ல் பிரெஞ்சு ஸ்கிராபிள் உலகப் பட்டத்தை வென்றார். 2024-ல் ஸ்பானிஷிலும் அதையே செய்தார். அகராதியே மிரண்டிருக்கும்.

சரி, எழுத்துக் கணக்கும் விதியும் யாருக்குச் சொந்தம்? இந்தக் கேள்வி நம் ஊர் நீதிமன்றத்துக்கே வந்தது. கொல்கத்தாவைச் சேர்ந்த ரஜத், ஜயந்த் அகர்வாலா சகோதரர்கள் ஸ்கிராபுலஸ் என்று ஒரு இணைய விளையாட்டை ஆரம்பித்தார்கள். ஃபேஸ்புக்கில் தினமும் லட்சக்கணக்கானோர் அதை ஆடினார்கள். பெரிய கம்பெனிகள் சும்மா இருக்குமா? 2008-ல் ஹாஸ்ப்ரோ அமெரிக்காவிலும், மேட்டெல் டெல்லி உயர் நீதிமன்றத்திலும் வழக்குப் போட்டன.

டெல்லியில் 2008 செப்டம்பரில் நீதிபதி எஸ். ரவீந்திர பட் அளித்த இடைக்கால உத்தரவு, பிசினஸ் லா படிப்பவர்கள் அவசியம் பார்க்க வேண்டியது. ஸ்கிராபிள் என்பது வணிகச் சின்னம், அதனால் அதே ஓசையில் ஸ்கிராபுலஸ் என்று வைக்கக் கூடாது. ஆனால் பலகைக்கும் விதிகளுக்கும் பதிப்புரிமை கேட்டு விளையாட்டையே நிறுத்த முடியாது, ஏனென்றால் இந்த ஆட்டத்தை வேறு எப்படியும் வெளிப்படுத்த வழியில்லை என்றார்.

அதாவது புரூனோ வைத்த பெயருக்குப் பாதுகாப்பு கிடைத்தது, பட்ஸ் எண்ணிய கணக்குக்கு இல்லை. டிசம்பரில் ஹாஸ்ப்ரோவும் வழக்கை வாபஸ் வாங்கியது. சகோதரர்கள் பெயரை மாற்றிக்கொண்டு விளையாட்டைத் தொடர்ந்தார்கள். புதுப் பெயர் லெக்ஸுலஸ். பட்ஸ் முதன்முதலில் வைத்த லெக்ஸிகோவுக்குப் பக்கத்து வீடு மாதிரி இருக்கிறது இல்லையா? :)