திருச்சானூரும் மக்கட் பெயர்களும்

திருப்பதியை அடுத்த திருச்சானூர் பத்மாவதித் தாயாரின் உறைவிடம் என்பதை நேயர்கள் அறிவர். அவ்வூரின் பழம் பெயர் திருச்சோகினூர். பல்லவ மன்னன் தந்திவர்மனின் 51ஆம் ஆட்சியாண்டில், அதாவது 9ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில், அங்கே பொறிக்கப்பெற்ற தமிழ்க் கல்வெட்டொன்று, சோழ நாட்டார் ஒருவர் பெருமானுக்கு விளக்கு வைத்த செய்தியைக் கூறுகிறது. நாம் இங்கே சற்று நின்று நோக்கவேண்டும். கொடையாளியை அக்கல்வெட்டு நாட்டாலும் ஊராலும் குறிக்கிறதேயன்றித் தமிழர் என்றோ பிறர் என்றோ குறிக்கவில்லை.

1953இல் ஆந்திர மாநிலம் அமைந்தபோது இவ்வட்டாரம் எவர்க்கு உரியது என்னும் பூசல் பெரிதாக எழுந்தது. தமிழர் வேங்கடத்தை வட எல்லையாகக் கூறும் தொல்காப்பியப் பாயிரத்தைக் காட்டினர். ஆந்திரர் மக்கள் பேசும் மொழியைக் காட்டினர். 1960இல் திருத்தணி சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. திருப்பதி ஆந்திரத்திலேயே நின்றது. எல்லைக்கோடு அவ்வாறு முடிந்தது. ஆயினும், ஒரு மக்கட் கூட்டம் தன்னை இன்னார் என்று உணர்வது எப்போது, எதனால் என்னும் வினா எஞ்சி நிற்கிறதன்றோ?

ஐரோப்பாவின் தென்கிழக்கில் இதற்கொரு விடை உண்டு. துருக்கி மொழியினத்தைச் சேர்ந்த பல்கர் என்னும் குதிரை வீரர் டான்யூப் நதியைக் கடந்து வந்து, ஸ்லாவிய உழவர் நடுவே அரசு நிறுவினர். கிழக்கு ரோமப் பேரரசு 681இல் அதனை ஒப்புக்கொண்டது. ஆண்டவர் சிலர், ஆளப்பட்டவர் பலர். 9ஆம் நூற்றாண்டில் மன்னன் போரிஸ் கிறிஸ்தவனானான். அந்நூற்றாண்டின் இறுதியில் வழிபாட்டிலும் அரசவையிலும் ஸ்லாவிய மொழி இடம்பெற்றது. பல்கரின் பழைய மொழி மறைந்தது. பெயர் மட்டும் நின்றது. இன்றைய பல்கேரியர் அப்பெயரைத் தாங்கி ஸ்லாவிய மொழி பேசுகின்றனர். அண்டையிலிருந்த செர்பியர்க்கோ பெயரும் மொழியும் முன்பே இருந்தன. 1219இல் சாவா என்னும் துறவி தனித் திருச்சபை பெற்றுத் தந்த பின்னரே அவர்தம் இனவுணர்ச்சி உறுதியான உருப்பெற்றது எனலாம்.

திருச்சானூரில் எந்த மொழியும் மறையவில்லை. ஆழ்வார் பாசுரம் ஓதும் வழக்கம் நிலைத்திருக்க, 15ஆம் நூற்றாண்டில் தாள்ளபாக்கம் அன்னமாச்சாரியார் தெலுங்கிலே பாடினார்; அப்பாடல்கள் செப்பேடுகளில் பொறிக்கப்பெற்றன. அவர் போற்றிய தாயாரின் பெயரைப் பாருங்கள்: அலமேலுமங்கை. மலர்மேல் உறைபவள் என்னும் பொருளுடைய 'அலர்மேல் மங்கை' என்ற தூய தமிழ்த் தொடரே அது. அப்பெயர் தெலுங்கிற் புகுந்தபோது, அது எம்மொழிச் சொல் என்று யார் கேட்டனர்? தமிழ் இல்லத்தில் அலமேலு என்றும், தெலுங்கு இல்லத்தில் அலமேலுமங்கம்மா என்றும் பெண்மக்களுக்கு அதனையே இட்டு அழைக்கின்றனர்.