தபால்பெட்டிக்கு யார் எஜமான்?

வங்கிக்காரன் குப்பைத் தபாலைப் பற்றிப் பதிவு போடுவதா என்று சிலர் சிரிக்கலாம். "கடன் அட்டை வாங்கிக்கோங்க" என்று கடிதம் அனுப்புவதே நீங்கள்தானே! நியாயமான கேள்விதான். நாக்பூரில் என் வீட்டுப் பெட்டிக்கும் ஊரிலிருந்து கடிதம் வருவது நின்றுபோய், இதெல்லாம்தான் வருகிறது. அதனால் இதன் சரித்திரத்தைக் கொஞ்சம் தேடிப் படித்தேன்.

அமெரிக்காவில் 1963ல் ஜிப் கோடு (நம் பின்கோடுக்கு அண்ணன், நம்முடையது 1972ல்தான் வந்தது) அறிமுகமானது. 1967ல், மொத்தமாக விளம்பரத் தபால் அனுப்புபவர்கள் கோடு வாரியாகப் பிரித்துத்தான் தரவேண்டும் என்றாக்கினார்கள். பெயர், முகவரிப் பட்டியல்களை விற்பதே அங்கே ஒரு தனித்தொழில். ஆபாச விளம்பரங்களும் வீடுகளுக்கு வந்து விழ, ஜனங்கள் கொதித்தார்கள்.

அதே 1967ல் ஒரு சட்டம் வந்தது. வந்த விளம்பரம் ஆபாசம் என்று வீட்டுக்காரர் நினைத்தால் தபால் துறைக்கு எழுதலாம். இனி அவருக்கு எதுவும் அனுப்பக்கூடாது, பட்டியலிலிருந்து பெயரை எடுத்துவிட வேண்டும் என்று அனுப்பியவருக்கு உத்தரவு போகும். எது ஆபாசம் என்று முடிவு செய்வது அதிகாரி அல்ல, வீட்டுக்காரர் மட்டுமே!

விளம்பரக் கம்பெனிகள் சும்மா இருக்குமா? பேச்சுரிமை போச்சு என்று வழக்குப் போட்டன. ரோவன் வழக்கு என்று பெயர். 1970 மே மாதம் உச்சநீதிமன்றம் தீர்ப்பு சொன்னது: வேண்டாம் என்பவர் வீட்டுக்குள் எதையும் திணிக்கும் உரிமை யாருக்கும் இல்லை. தலைமை நீதிபதி வாரன் பர்கர் ஒரு படி மேலே போய், துணிக்கடை விலைப்பட்டியலைக்கூட வீட்டுக்காரர் இப்படித் தடுக்கலாம் என்றார். காரணத்தை நிரூபிக்க வேண்டியதில்லை.

ஆனாலும் ஒரு ஓட்டை இருந்தது. ஒவ்வொரு கம்பெனிக்கும் தனித்தனியாக "வேண்டாம்" சொல்லவேண்டும். வேலை முழுக்க நம் தலையில்தான்.

இதைத் தலைகீழாக்கியது ஆம்ஸ்டர்டாம். அங்கே வேண்டாதவர்கள் பெட்டியில் "நே" (இல்லை) ஸ்டிக்கர் ஒட்டுவது வழக்கம். 2018 ஜனவரி 1 முதல், "யா" (ஆம்) ஸ்டிக்கர் ஒட்டிய பெட்டியில் மட்டும்தான் முகவரியில்லா விளம்பரத் தாள் போடலாம் என்றார்கள். அங்கேயும் வழக்குத்தான். 2021ல் நெதர்லாந்து உச்சநீதிமன்றம் நகரத்தின் பக்கம் நின்றது. பேசாமல் இருந்தால் சம்மதம் என்ற கணக்கு அங்கே முடிந்தது.

நம் ஊரில்? 2005 நவம்பரில் ரிசர்வ் வங்கி, கேட்காதவருக்குக் கடன் அட்டை அனுப்பக்கூடாது என்றது. சம்மதமில்லாமல் அனுப்பிக் கட்டணமும் போட்டால், அதை ரத்து செய்வதோடு இரண்டு மடங்கு அபராதமும் வங்கி தரவேண்டும். 2007ல் டிராய் தொலைபேசி விளம்பரங்களுக்கு "அழைக்காதே" பதிவேடு கொண்டுவந்தது. காகிதத் தபாலுக்கு அப்படியொரு பதிவேடு கிடையாது.

ஆகவே நம் கையில் இருப்பது விண்ணப்பப் படிவம்தான். விளம்பரம் அனுப்பலாமா என்று பொடி எழுத்தில் ஒரு வரியும் ஒரு கட்டமும் இருக்கும். கவுண்டருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து பார்க்கிறேன், பத்தில் ஒருவர்கூடப் படிப்பதில்லை. படியுங்கள் சார். வேண்டாமென்றால் டிக் போடாதீர்கள். எங்களுக்குக் கோபம் வராது!