உயிரோடு வேண்டும்

‘மறைவது’ என்பது ஒருவர் தானாகச் செய்கிற காரியம். நான் மறையலாம், நீங்கள் மறையலாம். ஆனால் என்னை நீங்கள் ‘மறைய’ முடியாது. ஸ்பானிய மொழி இலக்கணமும் ஏறக்குறைய இப்படித்தான். ஆனால் 1970களில் லத்தீன் அமெரிக்கத் தாய்மார்களுக்கு இந்த இலக்கணம் போதவில்லை. ‘என் மகன் மறைந்தான்’ என்றால், எங்கேயோ அவனாகப் போய்விட்டான் என்றாகிறது. அதனால் வினைச்சொல்லையே திருகிவிட்டார்கள். தமிழில் சொன்னால், ‘அவனை மறைந்தார்கள்’ என்கிற மாதிரி. காதுக்கு இடறும். இடறணும் என்றுதான் அப்படிப் பேசினார்கள். நமக்கும் இந்தச் சங்கடம் தெரியும். ‘காணாமல் போனோர்’ என்ற சொல்லை ஏற்க மறுத்து ‘காணாமல் ஆக்கப்பட்டோர்’ என்று திருத்தியவர்கள் ஈழத்துத் தாய்மார்.

மெக்சிகோவில் இந்தத் திருகலான வாக்கியத்தைத் தேர்தல் மேடைவரை கொண்டுபோனவர் ரொசாரியோ இபார்ரா. 1927இல் சால்டியோ நகரத்தில் பிறந்தவர். ஒரு டாக்டரை மணந்து, வடக்கே மொன்டெர்ரே நகரத்தில் நான்கு பிள்ளைகளை வளர்த்தவர். நாற்பத்தைந்து வயதுவரை அவர் வாழ்க்கையில் வரலாற்று ஆசிரியர்களுக்கு வேலை கிடையாது.

மொன்டெர்ரே முதலாளிகளின் ஊர். இரும்பு, கண்ணாடி, பீர் என்று ஆலைகள் நிறைந்தது. 1973 செப்டம்பர் 17 அன்று அந்த ஊரின் மிகப் பெரிய தொழிலதிபரான யூஹேனியோ கார்சா சாடாவைக் கடத்த முயன்றது ‘செப்டம்பர் 23 கம்யூனிஸ்ட் லீக்’ என்ற கெரில்லா இயக்கம். கடத்தல் துப்பாக்கிச் சண்டையாகி அவர் கொல்லப்பட்டார். அதன்பின் போலீஸ் ஊரையே சலித்தது. ரொசாரியோவின் மகன் ஹெசூஸ் அப்போது மருத்துவ மாணவன், அந்த லீக்கைச் சேர்ந்தவன். வீட்டை விட்டுத் தலைமறைவானான். அவனைத் தேடி வந்தவர்கள் அப்பாவைப் பிடித்துச் சித்திரவதை செய்தார்கள். 1975 ஏப்ரலில் ஹெசூஸ் பிடிபட்டான். வயது 21. பிடிபட்ட செய்தி உள்ளூர்ப் பத்திரிகையிலும் வந்தது. அதற்குப் பிறகு எதுவும் இல்லை. வழக்கு இல்லை, சிறை எண் இல்லை, உடல் இல்லை.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இந்த மாதிரிக் கதைகளை எழுதும்போது மகனை ஒன்றுமறியாத பிள்ளையாக்கிவிட கை துடிக்கும். ரொசாரியோ அந்த வேலையைச் செய்யவில்லை. என் மகன் ஆயுதம் தொடாதவன் என்று அவர் வாதாடவில்லை. குற்றம் செய்திருந்தால் நீதிமன்றத்தில் நிறுத்துங்கள், தண்டியுங்கள். ஆனால் அவன் எங்கே என்று சொல்லுங்கள் என்றார். அரசாங்கத்திடம் அதன் சொந்தச் சட்டத்தைத்தான் அந்த அம்மா கேட்டார். கருணை மனு என்றால் அதற்கு ஒரு தட்டிக்கழிக்கும் பதில் இருக்கும். இதற்கு அவர்களிடம் பதிலே இல்லை.

அப்போது அதிபர் லூயிஸ் எச்செவெர்ரியா. 1968 அக்டோபர் 2 அன்று தலைநகரின் த்லாதெலோல்கோ சதுக்கத்தில் மாணவர்கள் சுடப்பட்டபோது உள்துறை அமைச்சராக இருந்தவர். அதே ஆள் 1973இல் சிலியில் அயெண்டேயின் ஆட்சி கவிழ்ந்தபோது, அங்கிருந்து தப்பி வந்த இடதுசாரிகளுக்குக் கதவைத் திறந்துவிட்டார். அயெண்டேயின் மனைவிக்கும் மெக்சிகோதான் அடைக்கலம் கொடுத்தது. வெளிநாட்டுப் புரட்சிக்காரர்களுக்கு விருந்து, உள்ளூர்ப் புரட்சிக்காரர்களுக்கு ராணுவ முகாம். உலகம் முதலாவதை மட்டும் பார்த்தது. ரொசாரியோ மொன்டெர்ரேயை விட்டுத் தலைநகருக்கு வந்து, அதிபர் போகிற கூட்டங்களிலெல்லாம் போய் நின்று, எத்தனையோ முறை அவர் கையிலேயே மனுவைக் கொடுத்தார். பார்க்கிறோம் என்றார்கள். பார்த்தார்கள், அவ்வளவுதான்.

அமைச்சக வாசல்களில் அவரைப் போலவே வேறு பெண்களும் நின்றுகொண்டிருந்தார்கள். 1977இல் அவர்கள் சேர்ந்து ஒரு குழு அமைத்தார்கள். பின்னாளில் அதன் பெயர் ‘யுரேகா’, கண்டுபிடித்துவிட்டேன் என்று பொருள். அதே 1977 ஏப்ரலில்தான் அர்ஜென்டினாவில் மே சதுக்கத்துத் தாய்மார்களும் நடக்கத் தொடங்கினார்கள். 1978 ஆகஸ்ட் 28 அன்று 83 பெண்கள் மெக்சிகோ நகரப் பேராலயத்தில் உண்ணாவிரதம் உட்கார்ந்தார்கள். செப்டம்பர் 1 அன்று புதிய அதிபர் லோபெஸ் போர்ட்டியோ ஆண்டறிக்கை வாசிக்க வேண்டிய நாள். தேதி பார்த்துத்தான் உட்கார்ந்தார்கள்! அதே மாத இறுதியில் பொதுமன்னிப்புச் சட்டம் வந்தது. ஏறக்குறைய 1,500 அரசியல் கைதிகள் வெளியே வந்தார்கள், நாடு கடந்திருந்தவர்கள் திரும்பினார்கள். ‘மறைக்கப்பட்டவர்’களிலும் 148 பேரைத் தாங்கள் உயிரோடு மீட்டதாகக் குழு கணக்குச் சொன்னது.

அந்த 148 பேரில் ஹெசூஸ் இல்லை.

இந்த இடத்தில்தான் எனக்கு இந்தக் கதை பிடிபடத் தொடங்கியது. 148 என்பது ஆறுதல் அல்ல, ஆதாரம். யாரோ 148 பேரை உயிரோடு ஒளித்து வைத்திருக்க முடியுமென்றால் 149ஆவது ஆளையும் ஒளித்து வைத்திருக்கலாம் இல்லையா? ‘உயிரோடு கொண்டுபோனார்கள், உயிரோடு வேண்டும்’ என்ற அவர்களுடைய கோஷம் பைத்தியக்காரத்தனம் என்று யாராலும் சொல்ல முடியாமல் போனது இதனால்தான். ரொசாரியோ எப்போதும் கறுப்பு உடையில், நெஞ்சில் மகனின் படத்தோடு வருவார். பார்ப்பவர்களுக்கு அது துக்கக் கோலம். ஆனால் மகன் செத்துவிட்டான் என்று அவர் கடைசிவரை ஒப்புக்கொள்ளவில்லை.

அரசியலுக்கு வந்தது எப்படி? கதவைத் திறந்ததே அரசாங்கம்தான். 1929 முதல் ஒரே கட்சி ஆண்ட நாடு அது. 1976 அதிபர் தேர்தலில் வாக்குச்சீட்டில் இருந்தது ஒரே ஒரு வேட்பாளர் பெயர். ஜெயித்தவர்களுக்கே கூச்சமாக இருந்திருக்கும் போல. 1977இல் சட்டத்தைத் திருத்தி, சின்ன இடதுசாரிக் கட்சிகளும் பதிவு செய்யலாம், ரேடியோவிலும் டிவியிலும் பேச அவர்களுக்கும் நேரம் உண்டு என்றார்கள். அந்த இடுக்கில் நுழைந்த ட்ராட்ஸ்கியவாதக் கட்சியான தொழிலாளர் புரட்சிக் கட்சி, 1982இல் ரொசாரியோவை அதிபர் வேட்பாளராக நிறுத்தியது. மெக்சிகோவில் அதிபர் தேர்தலுக்கு நின்ற முதல் பெண் அவர். பெண்களுக்கு ஓட்டுரிமை கிடைத்தே அப்போது 29 வருஷம்தான் ஆகியிருந்தது.

கிடைத்த ஓட்டு இரண்டு சதவீதத்துக்கும் குறைவு. தோல்விதான், சந்தேகமில்லை. ஆனால் அமைச்சக வாசலில் நின்றால் காவலாளி விரட்டுவான். வேட்பாளரை விரட்ட முடியாது. பேரைச் சொல்லாமல் ஒளித்து வைக்கப்பட்டவர்களின் பேர்களை ஊர் ஊராகப் போய் மைக்கில் சொல்ல ஒரு சட்டபூர்வமான வழி கிடைத்தது. அதிபர் பதவியை அவர் எதிர்பார்த்திருக்க மாட்டார் என்றே நினைக்கிறேன். 1985இல் நாடாளுமன்ற உறுப்பினரானார். மகனை எடுத்துக்கொண்ட அரசின் அவைக்குள்ளேயே போய் உட்கார்ந்து அதே கேள்வியைக் கேட்டார்.

1988இல் மறுபடி நின்றார். இந்த முறை ஓட்டு இன்னும் சரிந்து, கட்சி பதிவையே இழந்தது. இடதுசாரி ஓட்டெல்லாம் குவாடெமோக் கார்டெனாஸ் பக்கம் போயிற்று. ஜூலை 6 இரவு, கார்டெனாஸ் முந்துகிறார் என்ற பேச்சு பரவும்போது, வாக்கு எண்ணும் கணினி ‘விழுந்துவிட்டது’ என்ற செய்தி வந்தது. அன்றிரவு கார்டெனாஸும், வலதுசாரி வேட்பாளர் க்ளூத்தியெரும், ரொசாரியோவும் சேர்ந்து உள்துறை அமைச்சகத்துக்குப் போய்க் கண்டனக் கடிதத்தைக் கொடுத்தார்கள். மூன்று பேருக்கும் கொள்கையில் ஒட்டே கிடையாது. அந்த வாசலில் பழக்கப்பட்டவர் ரொசாரியோ மட்டும்தான்.

உண்மையான வெற்றி என்று ஒன்றைச் சொல்ல வேண்டுமானால் அது 2003இல் வந்தது. ஹெசூஸின் வழக்குக்குக் காலம் கடந்துவிட்டது, இனி விசாரிக்க முடியாது என்று கீழ் நீதிமன்றம் சொல்லியிருந்தது. உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. கடத்தப்பட்டவர் உயிரோடோ பிணமாகவோ கிடைக்காதவரை அந்தக் குற்றம் முடியவில்லை, இன்னும் நடந்துகொண்டேயிருக்கிறது. ஆகவே காலவரம்பு ஓடத் தொடங்கவேயில்லை என்றது. அந்த அம்மா 28 வருஷமாகப் பேசிவந்த நிகழ்காலம் சட்டத்துக்குள் வந்துவிட்டது. 2004 பிப்ரவரியில், ரகசியப் போலீஸின் முன்னாள் தலைவர் மிகெல் நாசர் ஆரோ இந்த வழக்கில் கைதானார். ரொம்ப நாள் நீடிக்கவில்லை, வெளியே வந்தார். 2012இல் செத்துப்போனார், எதையும் சொல்லாமல்.

ரொசாரியோ 2006 முதல் 2012 வரை செனட்டர். 2019 அக்டோபரில் அந்த செனட் தனது மிக உயர்ந்த விருதான பெலிசாரியோ தோமிங்கெஸ் பதக்கத்தை அவருக்குக் கொடுத்தது. அவர் வரவில்லை, வயது 92. மகள் கிளாடியா வந்து அம்மாவின் கடிதத்தை வாசித்தார். வாசித்து முடித்ததும் பதக்கத்தை அங்கே உட்கார்ந்திருந்த அதிபர் லோபெஸ் ஓப்ரதோரிடமே கொடுத்துவிட்டார்: நீங்கள் வைத்திருங்கள், எங்கள் பிள்ளைகள் எங்கே என்ற உண்மையோடு சேர்த்துத் திருப்பிக் கொடுங்கள். அதிபர் அவருக்கு நீண்டகால அரசியல் தோழர். தோழரிடமும் அடகு வைத்துத்தான் பேசினார். (அடுத்த மாதமே இன்னொரு மகள் தேசிய மனித உரிமை ஆணையத்தின் தலைவரானார். அந்தத் தேர்வு பெரிய சர்ச்சையானது, ஆளும் தரப்புக்கு நெருக்கமானவர் என்ற விமர்சனம் நிற்கவேயில்லை. குடும்பம் அரசுக்குள் போனால் கேள்வி கேட்பது யார் என்பது நியாயமான கேள்விதான்.)

இன்று மெக்சிகோவின் வடக்குப் பாலைநிலங்களில் வேறொரு தலைமுறைத் தாய்மார் அலைகிறார்கள். கையில் மண்வெட்டி, நீண்ட இரும்புக் கம்பி. கம்பியை மண்ணில் அடித்து இறக்கி, உருவி, நுனியை மோந்து பார்க்கிறார்கள், பிண வாடை வருகிறதா என்று. இவர்களில் பலருடைய பிள்ளைகளைக் கொண்டுபோனது போதைமருந்துக் கும்பல்கள். சில இடங்களில் கும்பலோடு கூட்டு வைத்த போலீஸும். யாரிடம் போய் ‘உயிரோடு வேண்டும்’ என்று கேட்பது? ரொசாரியோவுக்காவது ஒரு வாசல் இருந்தது.

2022 ஏப்ரல் 16 அன்று மொன்டெர்ரேயில் 95 வயதில் அவர் இறந்தபோது பதக்கம் திரும்பி வந்திருக்கவில்லை. சரியாக ஒரு மாதம் கழித்து, அரசின் அதிகாரபூர்வப் பதிவேட்டில் காணாமல் ஆக்கப்பட்டோர் எண்ணிக்கை 1,00,000ஐத் தாண்டியது. அதே ஜூலையில் எச்செவெர்ரியா தன் வீட்டில் இறந்தார். வயது 100. எந்த வழக்கிலும் அவர் தண்டிக்கப்படவில்லை.