லாரி ட்யூபும் தூண்டில் முள்ளும்

மேச்சேரி என்றால் எங்கள் பக்கத்து ஆட்களுக்குப் பத்ரகாளியம்மன் கோவில். கால்நடைத் துறையில் இருப்பவர்களுக்கு ஆடு. மேச்சேரி ஆடு என்று ஊரில் சொன்னாலும் அது செம்மறி இனம்தான். உடம்பில் கம்பளி கிடையாது, குட்டையான செம்பழுப்பு முடி. பக்கத்துப் பொட்டனேரியில் இதற்கென்றே ஓர் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. கறிக்காக வளர்க்கப்படும் ஆடு என்றாலும், தோல் தொழிலில் இதன் பெயர் பெரியது. இந்தியச் செம்மறித் தோல்களில் உயர்ந்த தரம் மேச்சேரித் தோலுக்குத்தான் என்று சொல்வார்கள். கம்பளி ஆட்டின் தோல் உள்ளுக்குள் தளர்ந்து இருக்கும். முடி ஆட்டின் தோல் இறுக்கமாக, மெல்லிசாக இருக்கும்.

அப்படிப்பட்ட தோலின் விலையைக் குறைப்பது முள். வெள்வேல மரத்தடியிலும் கிளுவை வேலி ஓரத்திலும் மேயும் ஆட்டின் மேல் விழுந்த ஒரு கீறல், பதனிட்ட பிறகு கோடாகத் தெரியும். தரம் பிரிக்கிறவர் அதை ஒதுக்கி வைத்துவிடுவார்.

நான் எழுத வந்தது ஆட்டைப் பற்றி இல்லை. தோலையும் முள்ளையும் பற்றி. தமிழில் வேலமரத்தில் இருப்பதும் முள், தூண்டில் நுனியில் இருப்பதும் முள். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் தனித்தனிப் பெயர். நமக்கு ஒரே சொல் போதுமாக இருந்திருக்கிறது. லாரி ட்யூபில் உட்கார்ந்து மீன் பிடிக்கிறவருக்கு இரண்டும் ஒன்றுதான் என்பது எனக்குப் பின்னால்தான் உறைத்தது.

மேச்சேரியிலிருந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் போனால் மேட்டூர். 1925-ல் வேலை தொடங்கி 1934-ல் முடிந்த அணை. அப்போதைய சென்னை ஆளுநர் ஸ்டான்லியின் பெயர் நீர்த்தேக்கத்துக்கு. முழுக் கொள்ளளவு 93.47 டி.எம்.சி., நீர்மட்டம் 120 அடி. இந்த எண்களைப் பேப்பரில் பார்த்தே வளர்ந்தவர்கள் நாம். அங்கே மீன் பிடிப்பதற்கென்று உள்ள வாகனம் பரிசல். செவுள் வலையும் பரிசலும்தான் தேக்கத்து மீனவரின் முதல். அது இல்லாதவர்களும், ஏரி குட்டைகளில் பொழுதுபோக்காகத் தூண்டில் போடுகிறவர்களும் ட்யூபில் இறங்குகிறார்கள். நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு என்று சுற்றிலும் லாரி ஊர்களாக இருக்கும்போது பழைய ட்யூபுக்கா பஞ்சம்? காற்றடித்து, குறுக்கே கயிறு பின்னி, ஒரு சாக்கை விரித்தால் இருக்கை ரெடி.

இதே பொருளை அமெரிக்காவில் ஃப்ளோட் ட்யூப் என்றும் பெல்லி போட் என்றும் விற்கிறார்கள். அங்கேயும் தொடக்கம் லாரி ட்யூபுக்குள் கேன்வாஸ் இருக்கை கட்டியதுதான். இப்போது காற்றுப் பை தனி, அதன் மேல் தடித்த நைலான் உறை தனி. அந்த உறை எதற்கு என்ற கேள்வியைப் பிடித்துக்கொண்டு போனபோது அது என்னை நினிவே வரைக்கும் கொண்டுபோய் விட்டது.

அசீரிய மன்னன் இரண்டாம் அஷுர்நசிர்பாலின் நிம்ருத் அரண்மனைச் சிற்பங்கள் கி.மு. 9-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. இப்போது பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கின்றன. அதில் ஆட்டுத்தோலைக் காற்றால் நிரப்பி, நெஞ்சுக்கடியில் வைத்துக்கொண்டு ஆற்றைக் கடக்கிற ஆட்கள் இருக்கிறார்கள். தோலின் ஒரு முனை வாயில் இருக்கிறது. நீந்திக்கொண்டே ஊதுகிறார்கள். ஏன் நடு ஆற்றில் ஊத வேண்டும்? தோல் கசிந்திருக்கும் என்பதுதான் என் ஊகம். ஆட்டுத்தோலை எவ்வளவு நன்றாகக் கட்டினாலும் கால், கழுத்து என்று முடிச்சுப் போட்ட இடங்கள் நாலைந்து இருக்குமே.

அதைவிட நமக்கு நெருக்கமானது செனகெரிப் காலத்து நினிவே சிற்பங்களில் இருக்கிறது. அது கி.மு. 700-ஐ ஒட்டிய காலம். காற்றடைத்த தோலின் மேல் குதிரையில் உட்காருகிற மாதிரி இரண்டு பக்கமும் காலைப் போட்டுக்கொண்டு ஒருவன் மீன் பிடிக்கிறான். கோல் கிடையாது, கையில் வெறும் கயிறு. உடம்போடு கட்டிய கூடை ஒன்று. பெல்லி போட்டுக்கு இரண்டாயிரத்து எழுநூறு வருஷத்து முன்னோடி!

அந்தக் கூடையை நான் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். பிடித்த மீனைப் போட ஒரு கூடை, அவ்வளவுதானே என்று விட்டுவிடலாம். ஆனால் மீனை மடியில் போட்டால் என்ன ஆகும்? மேட்டூர்ப் பக்கம் கெளுத்தியைக் கையில் பிடித்தவர்களுக்குத் தெரியும். அதன் பக்கத் துடுப்பில் அரம் மாதிரி பல் வைத்த முள் இருக்கிறது. ஜிலேபி மீனின் முதுகிலும் வரிசையாக முள். தூண்டில் முள்ளுக்குப் பயந்து எல்லா ஏற்பாடும் செய்துவிட்டு, துள்ளுகிற கெளுத்தியை ட்யூப் மேலேயே வைக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். நினிவேக்காரன் அதைச் செய்யவில்லை.

அவனிடம் இருந்த பிரச்சினை வேறு. ஒரே தோல் இரண்டு வேலை பார்க்க வேண்டும். காற்றையும் பிடித்து வைக்க வேண்டும், குத்தையும் தாங்க வேண்டும். காற்று நிற்க மெல்லிசாக, நெகிழ்வாக இருந்தால் நல்லது. குத்துத் தாங்கத் தடித்து, முரடாக இருந்தால் நல்லது. என் தொழிலில் சிங்கிள் பாயின்ட் ஆஃப் ஃபெயிலியர் என்று சொல்வோம். ஒன்று போனால் எல்லாம் போச்சு.

இதற்கு மனிதர்கள் கண்ட ஒரு வழி காற்றையே நம்பாமல் இருப்பது. கி.மு. 329-ல் அலெக்சாந்தர் ஆக்சஸ் ஆற்றைக் கடந்தபோது கூடாரத் தோல்களுக்குள் காய்ந்த சருகையும் வைக்கோலையும் அடைத்துத் தைத்து மிதவையாக்கியதாக அரியன் எழுதியிருக்கிறார். ஊதின தோலில் முள் குத்தினால் மூச்சு போய்விடும். வைக்கோல் அடைத்ததில் குத்தினால் தண்ணீர் மெல்லத்தான் ஊறும். இன்றைக்குத் தெர்மகோல் பலகைகளைக் கட்டி மிதக்கிறவர்கள் செய்வதும் கிட்டத்தட்ட இதுதான்.

இன்னொரு வழி காற்றைப் பங்கு போடுவது. எங்கள் கிணறுகளில் நீச்சல் பழகிய பழைய தலைமுறை முதுகில் சுரைப்புருடை கட்டியிருந்தது. காய்ந்த சுரைக்காய்தான். இரண்டு மூன்று கட்டினால் ஒன்று உடைந்தாலும் மற்றது தாங்கும். பிறகு வந்த பிள்ளைகள் பிளாஸ்டிக் கேனைக் கட்டினார்கள்.

பரிசல் இந்தக் கணக்கில் சேராது. காற்றை அடைத்து வைக்காத கூடை அது. 16-ஆம் நூற்றாண்டில் விஜயநகரத்துக்கு வந்த போர்த்துகீசியர் டொமிங்கோ பாயஸ், மூங்கில் பிரம்புக்கு வெளியே தோல் போர்த்திய வட்ட ஓடங்களைத் துங்கபத்திரையில் பார்த்து எழுதியிருக்கிறார். சென்னை மாகாண மீன்துறையின் இயக்குநராக இருந்த ஜேம்ஸ் ஹார்னெல் தென்னிந்தியப் பரிசல்களைப் பற்றித் தனியாகவே எழுதினார். தோல் போய், சாக்கும் பிளாஸ்டிக் தாளும் தாரும் வந்தன. இப்போது ஃபைபர் பரிசலும் இருக்கிறது. தூண்டில் முள் தாரில் ஏறினால் ஒரு சொட்டு ஒழுகும். கரைக்கு வந்து தார் வைத்துக்கொள்ளலாம். ஒரு முள் பரிசலைக் கவிழ்த்ததாக யாரும் சொல்லக் கேட்டதில்லை.

காற்றைப் பிடிக்கும் தோலையும் அடி வாங்கும் தோலையும் பிரித்து வைக்கிற யோசனை ஆற்றில் முழுமையாகவில்லை, சாலையில்தான் ஆனது. 1845-ல் ஸ்காட்லாந்துக்காரர் ராபர்ட் வில்லியம் தாம்சன் காற்றுச் சக்கரத்துக்குக் காப்புரிமை வாங்கினார். உள்ளே ரப்பர் பூசிய துணியால் ஆன காற்றுக்குழாய், வெளியே தோல் உறை. ஆமாம், மாட்டுத் தோலேதான்! அது வியாபாரமாக எடுபடவில்லை. 1888-ல் பெல்ஃபாஸ்ட்டில் டன்லப் மறுபடி கண்டுபிடித்த பிறகுதான் உலகம் திரும்பிப் பார்த்தது. பழைய கால்பந்தும் அதே அமைப்புத்தான், உள்ளே பிளாடர், மேலே தோல். 1937-ல் பியூட்டைல் ரப்பர் உருவானது. இயற்கை ரப்பரைவிடப் பல மடங்கு அதிக நாள் காற்றை உள்ளே நிறுத்தும். ஆனால் முள்ளைத் தாங்குவது அதன் வேலை இல்லை. அந்த வேலை டயருடையது.

ஓடுகிற லாரிச் சக்கரத்துக்குள் ட்யூப் 100 பவுண்டுக்கு மேல் அழுத்தத்தில் பத்திரமாக இருக்கிறது. அதையே கழற்றி ஏரியில் போட்டால் ஒரு பவுண்டு அழுத்தம்கூட இருக்காது, ஆனால் அதைவிட ஆபத்தில் இருக்கிறது. ட்யூபை டயரிலிருந்து கழற்றும்போது பாதிக் கருவியைத்தான் கழற்றுகிறோம்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். 10.00-20 அளவு லாரி ட்யூபில் சுமார் 150 லிட்டர் காற்று பிடிக்கும். முழுக்க அமுங்கினால் 150 கிலோ தூக்கும். பாதி உடம்பு தண்ணீருக்குள் இருக்கும் ஆளுக்கு அது தாராளம். உள்ளே முக்கால் பவுண்டு அழுத்தம் என்று வைத்துக்கொண்டால், ஒரு மில்லிமீட்டர் ஓட்டை வழியாக நிமிடத்துக்கு இரண்டரை லிட்டர் போல வெளியேறும். பாதிக் காற்று போக அரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். ரப்பர் தானாகக் கொஞ்சம் மூடிக்கொள்ளும் என்பதால் இன்னும் மெதுவாகத்தான் போகும். பதறாமல் கரை சேரப் போதுமான நேரம். ஆனால் மூன்று சென்டிமீட்டர் கிழிசல் என்றால் ஒன்றிரண்டு நிமிடத்தில் கதை முடிந்தது.

ஆக, பயப்பட வேண்டியது குத்துக்கு இல்லை, கிழிசலுக்கு. குத்தைக் கிழிசலாக்குவது பெரும்பாலும் நம் கைதான். தூண்டில் முள்ளில் பின்பக்கம் ஒரு கொக்கி இருக்கிறதே, உள்ளே எளிதாகப் போகும், வெளியே வரும்போது சதையோடு வரும். இழுத்தால் ரப்பரும் அப்படித்தான். மேச்சேரியில் ஒரு பஞ்சர் கடைக்காரரிடம் இதைப் பேசியபோது சிரித்துவிட்டார். “வண்டியில ஆணி ஏறுனா அங்கியே புடுங்கக் கூடாதுங்க சார். அதுவே அடைப்பு மாதிரி. கடை வரைக்கும் ஓட்டிட்டு வந்திரலாம். தூண்டிலும் அதே கதைதானுங்களே? நரம்ப அறுத்துட்டு முள்ள அப்படியே உட்ரச் சொல்லுங்க.”

காற்றை விம்ம விம்ம அடிப்பதும் இதில் சேரும். இழுத்துக்கட்டிய ரப்பரில் ஒரு கீறல் ஓடிப் பிளக்கும், தளர்ந்த ரப்பரில் அங்கேயே நிற்கும். சித்திரை வெயிலில் கரையில் கிடக்கும் ட்யூப் தானாகவே விம்மும். தண்ணீரில் இறக்கினால் தளரும். அதைப் பார்த்துவிட்டு இன்னும் நாலு பம்ப் அடித்து, பிறகு கரையேறி வெயிலில் போட்டுவிட்டுச் சாப்பிடப் போகிறார்கள்.

கொக்கியைக் குறடால் நசுக்கி மழுக்கிவிட்டுத் தூண்டில் போடுகிறவர்களும் உண்டு. சில மீன் நழுவும், ட்யூபில் குத்தினால் வந்த வழியே வந்துவிடும். பொழுதுபோக்காகப் போகிறவருக்கு இது சரி. அன்றைய குழம்புக்கோ விற்பனைக்கோ போகிறவரிடம் மீன் நழுவட்டும் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவருக்கு உறைதான் வழி. ஒரே கயிற்றில் வரிசையாக முள் கட்டிப் போடுகிறவர்கள் கூடை விளிம்பில் முட்களைச் செருகி வைப்பது உலகம் முழுக்க இருக்கிற பழக்கம். முள்ளுக்கு என்று ஓரிடம் இருந்தால் அது ட்யூபைத் தேடி வராது.

இந்தப் பக்கத்து ஏரிகளில் நான் பார்த்த ட்யூபுகளில் பெரும்பாலும் உரச்சாக்கு சுற்றியிருந்தது. உட்கார வழுக்காமல் இருக்கத்தான் என்றார்கள். காரணம் எதுவானாலும் அது டயரின் வேலையைத்தான் பார்க்கிறது. மடியில் ஒரு தடித்த ரெக்ஸின் துண்டையும் போட்டுக்கொண்டால் முள் கழற்றும் இடமும் காப்பாகிவிடும். மேட்டூரில் நீர்மட்டம் இறங்கும்போது பண்ணவாடியில் பழைய நந்தியும் தேவாலயக் கோபுரமும் வெளியே தெரியும் என்பது எல்லோருக்கும் தெரிந்த செய்தி. மூழ்கிய ஊரின் சுவரும் கல்லும் நீருக்கடியில் இருக்கும் இடத்தில் கீழ்ப்பக்கமும் சாக்கு வேண்டும். சாக்கு சுற்றினாலும் உள்ளே ஒரே அறைதான் என்பது மாறவில்லை. காலியான ஐந்து லிட்டர் கேன் நாலை மூடி இறுக்கி உடம்போடு சேர்த்துக் கட்டிக்கொண்டால் இருபது கிலோ தூக்கும். தலை வெளியே நிற்க அது போதும். நம் சுரைப்புருடைதான்.

வெளிநாட்டு மிதவை வாங்கியவர்களுக்கு ஒரு குறிப்பு. உள்ளே இருப்பது பி.வி.சி. பை என்றால் சைக்கிள் கடைச் சொல்யூஷன் அதில் நிற்காது. அதற்கான பசை தனி. லாரி ட்யூபில் அந்தத் தொல்லை இல்லை, அரத்தால் சுரண்டி, சொல்யூஷன் தடவி, காயவிட்டு ஒட்டினால் முடிந்தது.

ஆனால் ட்யூப்லெஸ் ரேடியல் டயர்கள் வந்த பிறகு பழைய லாரி ட்யூப் முன்பு போலக் கிடைப்பதில்லை என்றார் அதே பஞ்சர் கடைக்காரர். கிடைப்பதும் ஏழெட்டு ஒட்டுப் போட்டது. கடை ஓரத்தில் குவிந்து கிடந்த வேறொன்றைக் காட்டினார். ஃப்ளாப். டயருக்குள் ட்யூபுக்கும் இரும்பு ரிம்முக்கும் நடுவே வைக்கிற வட்ட ரப்பர் பட்டை. ட்யூபை ரிம் கடிக்காமல் காப்பதுதான் அதன் வேலை, வால்வு நுழைய ஓட்டையும் தயாராக இருக்கிறது. ஏரிக்குப் போகிற ஒருவர் அதை வாங்கிப்போய் ட்யூபின் உள்வட்டத்தில், தொடை உரசும் பக்கம், வால்வை அந்த ஓட்டையில் நுழைத்துக் கட்டியிருக்கிறாராம். மேலே உரச்சாக்கு. டயர் மட்டும்தான் இல்லை.