புள்ளியை அளந்தவர்கள்

2022 செப்டம்பர் 26 அன்று, நம் நேரப்படி மறுநாள் அதிகாலையில், நாசாவின் டார்ட் விண்கலம் டைமார்ஃபஸ் என்னும் சிறுகோளின் மீது வேண்டுமென்றே மோதி அழிந்தது. சுமார் 160 மீட்டர் அகலமுள்ள அச்சிறுகோள், டிடிமஸ் என்னும் பெரிய சிறுகோளைச் சுற்றி வருவது, பூமிக்கு ஆபத்தில்லாதது. இடித்தால் அதன் பாதை மாறுமா என்பதே கேள்வி. என்றேனும் ஒரு சிறுகோள் நம்மை நோக்கி வருமாயின், இக்கேள்விக்கான விடையே நம் காப்பு.

மோதல் நிகழ்ந்த இடம் 1.1 கோடி கி.மீ. தொலைவில். தரையிலிருந்த சிறிய தொலைநோக்கிகளுக்கு இரு கோள்களும் சேர்ந்து ஒரே ஒளிப்புள்ளியாகத்தான் தெரிந்தன. அப்புள்ளி திடீரென எட்டு மடங்கு பொலிந்தது. சிதறிய புழுதி சூரிய ஒளியைத் திருப்பி வீசியது. வானியலார் இதனை 2.3 ஒளித்தரம் என்று குறித்தனர்.

இந்த ஒளித்தரக் கணக்கை 1856-இல் வரையறுத்தவர் நார்மன் போக்சன்: ஐந்து தர வேறுபாடு என்றால் ஒளியில் நூறு மடங்கு. 1861-இல் சென்னை வந்த அவர், அவ்வாண்டு ஏப்ரல் 17 அன்று நுங்கம்பாக்கம் வானாய்வகத்திலிருந்து ஒரு சிறுகோளைக் கண்டார். ஆசியக் கண்டத்திலிருந்து கண்டறியப்பட்ட முதல் சிறுகோள் என்பதால் அதற்கு 'ஏசியா' என்றே பெயரிட்டார். அவருடைய உதவியாளர் சிந்தாமணி ரகுநாதாச்சாரி 1867-இல் ஒளி மாறும் விண்மீன் ஒன்றைக் கண்டறிந்தார். புள்ளியின் ஒளி கூடுவதையும் குறைவதையும் இரவிரவாகக் குறித்து வைப்பதே அவர்கள் தொழில்.

டார்ட்டின் வெற்றியும் அவ்வாறே அறியப்பட்டது. ஒரு கோள் மற்றதை மறைக்கும்போது ஒளி மங்கும். ஒரே வகை மங்கல்களுக்கு இடைப்பட்ட நேரமே சுற்றுக்காலம். 11 மணி 55 நிமிடமாக இருந்த அது ஏறத்தாழ 33 நிமிடம் குறைந்தது. மோதிய கலத்தின் உந்தம் மட்டும் இவ்வளவு செய்திராது. டைமார்ஃபஸ் ஒரே பாறையன்று. எங்கள் விருத்தாசலம் பக்கத்துப் பீங்கான் உடைசல் குவியலைப் போன்ற கற்குவியல். பின்னோக்கித் தெறித்த சிதறல், அதனை எதிர்த்திசையில் உதைத்தது. கலம் தந்ததைப்போல் மொத்தம் மூன்றரை மடங்கு உந்தம் கிடைத்தது என்பது கணிப்பு. ஆக, அந்த இடியின் வலிமையில் புழுதிக்கும் பெரும்பங்கு உண்டு.

1899-இல் சென்னையின் வானாய்வுப் பணி கொடைக்கானலுக்குப் பெயர்ந்தது. தமிழ் உட்படப் பல மொழிகளில் எழுத்துப் பொறித்த அதன் கருங்கல் தூண் நுங்கம்பாக்கம் வானிலை மைய வளாகத்தில் இன்னும் நிற்கிறது. சிறுகோளை நகர்த்திய செய்தியைப் படிக்கும் நாம், அந்தத் தூணையும் ஒருமுறை நினைத்துக்கொள்வது தகும்.