எம்பெட் டேகும் 52 கோடி டாலர் வழக்கும்

யூடியூப் வீடியோவை நம் பக்கத்தில் போட என்ன செய்கிறோம்? அங்கே கொடுத்திருக்கும் கோடை காப்பி பண்ணி இங்கே ஒட்டுகிறோம், அவ்வளவுதான். யாரிடமும் அனுமதி கேட்பதில்லை, காசும் கட்டுவதில்லை. ஆனால் இந்த வசதியே தனக்குத்தான் சொந்தம் என்று ஒரு நிறுவனம் கோர்ட்டுக்குப் போய், முதல் சுற்றில் ஜெயித்தும் இருக்கிறது!

"காமர்ஸ் மாணவனுக்கு ஹெச்.டி.எம்.எல்லில் என்ன வேலை?" என்று கேட்காதீர்கள். காப்புரிமை பாடத்துக்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

படம் வந்த கதை

ஆரம்பத்தில் வலைப்பக்கம் என்றால் பெரும்பாலும் எழுத்துதான். 1993 பிப்ரவரியில், இல்லினாய் பல்கலைக்கழக மாணவர் மார்க் ஆண்ட்ரீசன், பக்கத்துக்குள்ளேயே படம் காட்ட 'இமேஜ்' டேகை ஒரு மெயிலில் முன்மொழிந்தார். இன்னும் பொதுவான வழி வேண்டும் என்று மற்றவர்கள் விவாதித்துக்கொண்டிருக்கும்போதே, அவருடைய குழுவின் மொசைக் பிரவுசர் அதோடு வெளிவந்து பரவிவிட்டது.

அடுத்தது ஒலி, வீடியோ, அனிமேஷன். நெட்ஸ்கேப் 2 பிரவுசர் 1996-ல் பிளக்-இன்களையும் 'எம்பெட்' டேகையும் கொண்டுவந்தது. 1997 டிசம்பரில் வந்த ஹெச்.டி.எம்.எல் 4 தரம் 'ஆப்ஜெக்ட்' டேகை ஏற்றுக்கொண்டது. எல்லோரும் பயன்படுத்திய எம்பெட்டுக்கு 2014-ல் ஹெச்.டி.எம்.எல் 5 வந்தபோதுதான் அதிகாரபூர்வ இடம் கிடைத்தது.

வழக்கு

1994 அக்டோபரில், கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் ஃபிரான்சிஸ்கோ வளாகத்தில் இருந்த மைக்கேல் டாய்லும் அவர் சகாக்களும் ஒரு காப்புரிமைக்கு விண்ணப்பித்தார்கள். சுருக்கமாகச் சொன்னால், வலைப்பக்கத்துக்குள்ளேயே வேறொரு புரோகிராம் தானாகத் திறந்து, வாசகர் அதை இயக்க முடிவது. 1998-ல் காப்புரிமை கிடைத்தது. உரிமம் பெற்ற டாய்லின் நிறுவனம் இயோலாஸ், 1999-ல் மைக்ரோசாஃப்ட் மீது வழக்கு போட்டது. 2003 ஆகஸ்டில் ஜூரி தீர்ப்பு: சுமார் 52 கோடி டாலர் நஷ்டஈடு!

மைக்ரோசாஃப்ட்டுக்கு 52 கோடி பெரிய தொகையாக இல்லாமல் இருக்கலாம். ஆனால் எம்பெட், ஆப்ஜெக்ட் போட்ட கோடிக்கணக்கான பக்கங்களின் கதி என்ன? அதனால்தான் வலையை உருவாக்கிய டிம் பெர்னர்ஸ்-லீயே, இந்தக் காப்புரிமையை மறுபரிசீலனை செய்யும்படி அமெரிக்க காப்புரிமை அலுவலகத்துக்குக் கடிதம் எழுதினார். அலுவலகம் மறுபடி பார்த்துவிட்டு, 2005-ல் காப்புரிமை செல்லும் என்றே சொல்லிவிட்டது.

விளைவு நம் போன்றவர்கள் தலையில் விழுந்தது. 2006-ல் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரை மாற்றினார்கள். ஃப்ளாஷ் ஓடும், ஆனால் அதிலுள்ள பட்டனை அழுத்த, முதலில் ஒரு கிளிக் செய்து அதை 'எழுப்ப' வேண்டும். 'தானாக' என்ற வார்த்தையிலிருந்து தப்பிக்க இந்த ஏற்பாடு! டேகை தனி ஜாவாஸ்கிரிப்ட் ஃபைல் வழியாக எழுதினால் கிளிக் தேவையில்லை என்பதால், பக்கம் பக்கமாக உட்கார்ந்து கோடை மாற்றினார்கள். 2007-ல் மைக்ரோசாஃப்ட் சமரசம் செய்துகொண்டது.

ஒரு மாணவரின் பிரவுசர்

பெர்க்லி மாணவராக இருந்தபோது பெய்-யுவான் வெய் எழுதத் தொடங்கிய பிரவுசர் வயோலா. பக்கத்துக்குள் சின்ன புரோகிராம்கள் இயங்குவதை அவர் 1993 மே மாதமே சன் நிறுவனப் பொறியாளர்களுக்குக் காட்டியிருந்தார். அதாவது விண்ணப்பத்துக்கு 17 மாதம் முன்பு. விண்ணப்பிக்க ஓராண்டுக்கும் மேல் முன்பே பொதுவில் பயன்பாட்டில் இருந்ததற்குக் காப்புரிமை இல்லை என்பது அன்றைய அமெரிக்கச் சட்டம். முதல் வழக்கில் ஜூரி வயோலாவைக் கணக்கில் எடுக்கவே விடவில்லை. அது தவறு என்று 2005-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது.

2009-ல் இயோலாஸ் கூகுள், அமேசான், யாகூ உட்பட 20-க்கும் மேற்பட்ட நிறுவனங்கள் மீது வழக்கு போட்டது. 2012 பிப்ரவரியில் டெக்சாஸின் டைலர் நகரில் வெய்யும் பெர்னர்ஸ்-லீயும் சாட்சி சொன்னார்கள். காப்புரிமை செல்லாது என்றது ஜூரி. 2013-ல் மேல்முறையீட்டிலும் அதுவே உறுதியானது. வேறொரு காப்புரிமையோடு இயோலாஸ் மறுபடி தொடுத்த வழக்கும் 2024-ல் மேல்முறையீட்டில் தோற்றது.

காப்புரிமை கூடாது என்று நான் சொல்லவரவில்லை. உழைத்தவனுக்குப் பலன் வேண்டும். ஆனால் யார் முதலில் செய்தார் என்று சரியாகப் பார்க்காமல் கொடுத்த ஒரு காகிதத்தின் செலவை, வழக்கில் சம்பந்தமே இல்லாதவர்கள் கட்டினார்கள். காப்பாற்றியதோ, காப்புரிமையே வாங்காத ஒருவர் தேதியோடு விட்டுவைத்த பழைய வேலை. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்? சொல்லுங்களேன்.